முதல் பெண் தூதர் கொலந்தாயா, அப்காரா?

மல்லிகா டீச்சர்:
ரஷ்யப் புரட்சியாளர் கொலந்தாயைப் பற்றி நேற்று கடல்காற்று இங்கே போட்ட பதிவைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "அலெக்சாந்திரா கொலந்தாயை ஸ்டாலின் நார்வேக்குத் துரத்திவிட்டார், அந்தம்மா அங்கே மீன் வாங்கிக்கொண்டு பொழுதை ஓட்டினார்." ஒரே வரி, முடிந்தது கதை. மீன் வாங்குவது அவ்வளவு கேவலமா? 1922 அக்டோபரில் ஓஸ்லோவில் போய் இறங்கியபோது அவர் சோவியத் வர்த்தகக் குழுவில் ஓர் உறுப்பினர், அவ்வளவுதான். அடுத்த வருடமே குழுவின் தலைவர். புரட்சிக்கு முன்பு நார்வே ஹெர்ரிங் மீனுக்கு ரஷ்யா பெரிய சந்தை. புரட்சிக்குப் பிறகு அது அடைபட்டுக் கிடந்தது. 1918 முதல் சோவியத்தின் வெளிநாட்டு வணிகம் முழுக்க அரசின் கையில். ஆக, ரஷ்யாவுக்கு மீன் விற்க வேண்டும் என்றால் இந்தப் பெண்மணியின் மேசைக்கு முன்னால்தான் வந்து உட்கார வேண்டும். அந்த மீனைப் பிடித்துக்கொண்டே அங்கீகாரம் வரைக்கும் போனார். 1924 பிப்ரவரி 15இல் நார்வே சோவியத்தை அங்கீகரித்தது. மறுநாளே ஆர்க்டிக் கடலில் உள்ள ஸ்வால்பார்டு தீவுகள் நார்வேக்குச் சொந்தம் என்று சோவியத் ஏற்றுக்கொண்டது. கொடுக்கல் வாங்கல் என்றால் இது. உலகின் முதல் பெண் தூதரைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் மரியாதை வேண்டும்.

பழைய கணக்கர்:
எல்லாம் சரி டீச்சர், கடைசி வரி தப்பு. உலகின் முதல் பெண் தூதர் டயானா அப்கார். ஆர்மேனியக் குடியரசு 1920இல் அவரை ஜப்பானுக்குத் தன் பிரதிநிதியாக நியமித்தது. 1920 முன்னால் வருமா, 1922 முன்னால் வருமா?

மல்லிகா டீச்சர்:
அப்கார் கௌரவ கான்சல் சார், அதாவது தூதருக்குக் கீழ்நிலைப் பிரதிநிதி. தூதர் இல்லை.

பழைய கணக்கர்:
கொலந்தாய் 1922இல் என்ன? வர்த்தகக் குழு உறுப்பினர். நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு ஒரு நியாயம், இவருக்கு ஒரு நியாயமா? 1920.

கடல்காற்று:
என் பதிவைத் திரித்துப் போட்டிருக்கிறார் டீச்சர். "துரத்திவிட்டார்" என்று எழுதியதை இப்போதும் சொல்கிறேன். 1921இல் கட்சிக்குள்ளேயே தொழிலாளர்களுக்காகக் குரல் கொடுத்த "தொழிலாளர் எதிரணி" என்ற குழுவில் நின்று லெனினையே எதிர்த்துப் பேசியவர். கட்சியில் இடமில்லாமல் போனது. அதன் பிறகுதான் நார்வே. இதை யாராவது மறுக்க முடியுமா?

மல்லிகா டீச்சர்:
வேறு வேலை கொடுங்கள் என்று கேட்டவரே அவர்தான். கேட்டு வாங்கியதற்குப் பெயர் துரத்துவதா? 1915இலிருந்து நார்வேயில் அகதியாக வாழ்ந்தவர், ஊரும் மொழியும் தெரிந்தவர். சரியான ஆளைச் சரியான இடத்துக்கு அனுப்பினார்கள்.

பழைய கணக்கர்:
பேச்சை மாற்ற வேண்டாம். 1920.

நூலகர் தம்பி:
இருவருமே இல்லை என்று சொல்லலாமா? 1918 கடைசியில் ஹங்கேரி அரசு ரோசிகா ஷ்விம்மர் என்ற பெண்ணை சுவிட்சர்லாந்துக்குத் தூதராக அனுப்பியது. சில மாதங்களில் திரும்ப அழைத்துக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம்.

பழைய கணக்கர்:
தம்பி, நடுவில் புதுக்கணக்கு திறக்காதே. நான் தூத்துக்குடியில் ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் 31 வருடம் கணக்குப் பார்த்தவன். ஒருமுறை எல்.சி.யில், அதாவது சரக்குக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதத்தில், எங்கள் கம்பெனிப் பெயர் ஓர் எழுத்து மாறி வந்துவிட்டது. ஒரே ஓர் எழுத்து. 19 நாள் பணத்தை நிறுத்தி வைத்தது வங்கி. சரக்கு கப்பலேறி அந்தக் கரைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது, இங்கே தொழிலாளிக்குச் சம்பளம் போட முடியவில்லை. உரித்த இறாலை எடை போடும் பெண்கள் வாசலில் வந்து நின்றது இன்றும் கண்ணில் நிற்கிறது. "முதல்" என்று எழுதினால் அது முதலாக இருக்க வேண்டும். எனக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். அப்கார் ரங்கூனில் பிறந்து கல்கத்தாவில் வளர்ந்தவர். ஜப்பானுக்குப் போய், 1906இல் கணவர் இறந்த பிறகு வியாபாரத்தைத் தன் கையில் எடுத்து நடத்தினார். பிள்ளைகளையும் வளர்த்தார். யோகோஹாமாவில் வந்திறங்கிய ஆர்மேனிய அகதிகளுக்குத் தன் வீட்டையே திறந்துவிட்டார். அவர் பதவி ஏன் போனது தெரியுமா? 1920 கடைசியில் ஆர்மேனியாவைச் சோவியத் விழுங்கியது, அதனால் போனது. ஒரு பெண்ணின் பதவியைப் பறித்த அரசு, பிறகு இன்னொரு பெண்ணுக்குப் பதவி கொடுத்தது. அதை "முதல்" என்று கொண்டாடச் சொல்கிறீர்கள். எனக்கு மனசு வரவில்லை.

செம்பருத்தி:
கணக்கர் அண்ணே, அப்காரைப் பற்றி இவ்வளவு தெரிந்த நீங்கள் போன மாதம் நம் சென்னை ஆர்மேனியன் தெரு இழையில் "அங்கே ஏதோ ஓர் அரண்மனை இருந்திருக்கும்" என்று வாதாடினீர்களே? ஆர்மேனியன் தெருதான் மக்கள் வாயில் அரண்மனைக்காரன் தெருவாக மாறியது. 1794இல் உலகின் முதல் ஆர்மேனியப் பத்திரிகை அச்சானதும் சென்னையில்தான். அன்றைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கு ஆர்மேனியர் என்றால் உயிர்.

பழைய கணக்கர்:
அந்த இழை வேறு, இந்த இழை வேறு. அன்றைக்கு நீங்கள் பேசிய பேச்சையும் நான் மறக்கவில்லை. 1920.

கடல்காற்று:
இவர்கள் தேதியிலேயே நிற்கட்டும். நான் கேட்பது ஒன்றுதான். அந்தத் தொழிலாளர் எதிரணியின் தலைவர் ஷ்லியாப்னிகோவ் கொலந்தாய்க்கு ஒரு காலத்தில் எவ்வளவு நெருக்கமானவர். அவரை ஸ்டாலின் ஆட்சியில் 1937இல் சுட்டுக் கொன்றார்கள். கணவராக இருந்த திபென்கோவை 1938இல். இவர் ஸ்டாக்ஹோமில் தூதரகத்தில் உட்கார்ந்திருந்தார். வாய் திறந்தாரா? இதற்குப் பெயர் பெருமையா?

மல்லிகா டீச்சர்:
வாய் திறந்திருந்தால் அவரும் அந்தச் சுவரோரம்தான் நின்றிருப்பார். உங்களுக்கு அது தெரியும், தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள். அதே ஸ்டாக்ஹோமிலிருந்து 1940இல் சோவியத்–பின்லாந்துப் போரை நிறுத்தும் பேச்சுக்கு வழி திறந்தவர் யார்? 1944இல் மறுபடி போர்நிறுத்தப் பேச்சுக்கு நடுவில் நின்றவர் யார்? அப்போது அவருக்கு வயது 72, பக்கவாதம் வந்து உடம்பின் ஒரு பக்கம் விழுந்துபோயிருந்தது. 1914இல் போருக்கு எதிராகப் பேசினார் என்று நாட்டைவிட்டே வெளியேற்றிய அதே ஸ்வீடனில் 15 வருடம் தூதராக இருந்தவர். ஓர் ஆண் இதைச் செய்திருந்தால் "ராஜதந்திரி" என்பீர்கள். பெண் என்றதும் எந்த ஆணோடு வாழ்ந்தார், யாருக்காக அழுதார் என்று கணக்கெடுக்க வந்துவிடுகிறீர்கள்.

கடல்காற்று:
பெண் என்பதால் கேட்கவில்லை. ஸ்டாலினின் வெளியுறவு அமைச்சர் மோலடோவாக இருந்தாலும் இதையேதான் கேட்பேன்.

நூலகர் தம்பி:
மொலோத்தோவ்.

கடல்காற்று:
எழுத்துப்பிழை பார்க்க வந்தாயா தம்பி? ஷ்விம்மரை யாரும் சீந்தவில்லை என்ற கோபமா?

பழைய கணக்கர்:
டீச்சர் 1940, 1944 என்று எங்கெங்கோ போகிறார். அந்தம்மாவின் உழைப்பை நான் குறை சொல்லவே இல்லை. மீனைக் காட்டி ஒரு நாட்டின் அங்கீகாரத்தை வாங்குவது எவ்வளவு பெரிய வேலை என்று இங்கே என்னைவிடத் தெரிந்தவர் யாருமில்லை. ஆனால் "முதல்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அது அப்காருடையது.

மல்லிகா டீச்சர்:
எடுக்க மாட்டேன். 1924இல் முழு அதிகாரம் பெற்ற பிரதிநிதியாக ஒரு நாடு ஒரு பெண்ணை நியமித்து, இன்னொரு நாடு அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது. அந்த வரிசையில் அவருக்கு முன்னால் யாரும் இல்லை.

பழைய கணக்கர்:
1924 என்கிறீர்கள் இப்போது. காலையில் 1922இலிருந்து ஆரம்பித்தீர்கள். தேதி பின்னால் பின்னால் போகிறது, அப்கார் இருந்த இடத்திலேயே இருக்கிறார். 1920.

செம்பருத்தி:
அந்தத் தெரு இழைக்குப் பதில் இன்னும் வரவில்லை அண்ணே.