ஓயோதுஞ்சி பக்கம் யாராவது போயிருக்கீங்களா?

சார்லட்டிலிருந்து:

தென் கரோலினாவுல ஷெல்டன் ஊர்ப் பக்கம், மரங்களுக்கு நடுவுல இருக்கு இந்த யொரூபா கிராமம். யொரூபான்னா மேற்கு ஆப்பிரிக்காவுல, நைஜீரியாப் பக்கம் இருக்கிற ஒரு இனம்; அவங்க முறையில இங்க கறுப்பின அமெரிக்கர்கள் வாழுறாங்க. போன மாசம் குடும்பத்தோட போனோம். வாசல்லயே ஒரு போர்டு: அமெரிக்காவை விட்டு வெளியேறுறீங்க, யொரூபா ராஜ்ஜியத்துக்குள்ள வர்றீங்கன்னு. பையன் பாஸ்போர்ட் வேணுமான்னு கேட்டான்.

சுத்திக் காட்டின அம்மா முதல்ல நிறுத்தினது எலெக்பா முன்னாடி. சிமென்ட்ல பிடிச்ச தலை. கண்ணும் வாயும் சோழி. அவருக்குச் சொல்லாம வேற எந்த ஒரிஷாகிட்டயும் போகக்கூடாதாம் (ஒரிஷான்னா யொரூபா சாமி). நம்ம பிள்ளையார் மாதிரிதான், வேற விளக்கமே தேவைப்படல. அடுத்தது ஓகுன், இரும்புக்குச் சாமி. துருப்பிடிச்ச கருவிகள், நடுவுல ஒரு சங்கிலி. அடிமைக் கப்பல்ல வந்தவங்களோட பேரப்பிள்ளைகள் இரும்பைக் கும்பிடுற இடத்துல சங்கிலியைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரல. அந்தம்மா அதைப் பத்தி ஒண்ணும் சொல்லவும் இல்ல.

ஊரைக் கட்டினவர் டெட்ராய்ட்ல பிறந்த வால்டர் கிங். 1959ல கியூபாவுக்குப் போய் மத்தான்சாஸ்ல தீட்சை வாங்கினார். அங்க ஒரிஷாக்களை கத்தோலிக்கப் புனிதர்களோட சேர்த்துத்தான் கும்பிடுவாங்க; ஷாங்கோங்கிற இடிச் சாமின்னா புனித பார்பரா. அடிமைக் காலத்துல அப்படி மறைச்சுத்தான் காப்பாத்த முடிஞ்சது. இவர் நியூயார்க்ல கறுப்பின மக்கள் வாழுற ஹார்லெமுக்குத் திரும்பி கோயில் வச்சதும், வெள்ளைக்காரப் புனிதர்கள் நமக்கு எதுக்குன்னு படங்களை எடுத்துட்டார். அங்க இருந்த கியூபாக்காரங்களுக்குக் கோபம். அந்த உரசலுக்கு அப்புறம் 1970ல இங்க வந்து கிராமம் அமைச்சு, அடெஃபுன்மிங்கிற பேர்ல ராஜாவானார். 2005ல இறந்துட்டார். ஒரு காலத்துல நிறைய பேர் இருந்த ஊர், இப்ப சில குடும்பங்கள்தான்.

டெட்ராய்ட்டிலிருந்து:

நல்லா எழுதியிருக்கீங்க அண்ணா. படத்தை எடுத்துட்டார்னீங்க, எங்க ஊர்ல படத்தை மாத்திட்டாங்க. லின்வுட் அவென்யூல கருப்பு மடோனா ஆலயம்னு ஒரு சர்ச் இருக்கு. 1967 ஈஸ்டர் அன்னைக்கு போதகர் ஆல்பர்ட் கிளீக் அங்க ஒரு பெரிய ஓவியத்தைத் திறந்து வச்சார். கிளான்டன் டவுடெல் வரைஞ்சது, பதினெட்டு அடி. கன்னங்கரேல்னு மாதா, கையில குழந்தை. அதே வருஷம் ஜூலையில இந்த ஊரே கலவரத்துல எரிஞ்சது. கூட வேலை பார்க்கிற ஒரு அக்கா கூட்டிட்டுப் போனாங்க. எனக்குப் பிடிச்சது மாதாவோட முகம்: சாந்தமே இல்ல, புள்ளைய யாராவது தொட்டுப் பாருங்கடாங்கிற மாதிரி ஒரு முறைப்பு.

நியூ ஜெர்சியிலிருந்து:

எல்லாம் சரிங்க, ஓயோதுஞ்சி ராஜாவுக்குப் பல மனைவிகள்னு படிச்சேனே? விடுதலைன்னு சொல்லிக்கிட்டு அதையுமா திரும்பக் கொண்டு வரணும்?

சார்லட்டிலிருந்து:

உண்மைதான் சகோதரி, பழைய யொரூபா முறைன்னு அதையும் வச்சிருந்தாங்க. பழசைத் தோண்டி எடுக்கும்போது எதை எடுக்கிறது, எதை விடுறதுன்னு முடிவு பண்ற இடத்துல ஆம்பளைங்கதான் உட்கார்ந்திருப்பாங்க போல. எனக்கும் அது உறுத்தல்தான். கேட்க வாய் வரல, விருந்தாளியாப் போன இடம்.

போறவங்க முன்கூட்டியே போன் பண்ணிட்டுப் போங்க. சன்னதிகளை அவங்களைக் கேக்காம படம் எடுக்காதீங்க. கொசு மருந்து கட்டாயம்.