புதுப்பிப்பு: தரகர் மூலம் மனை, வீடு வாங்குவது

தரகரின் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணைச் சரிபார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். அது பாதிதான். ரெரா பதிவு பெற்ற மனைப்பிரிவு, அடுக்ககங்களை விற்றுத்தரும் ஏஜெண்டுக்கு அந்த எண் கட்டாயம். தனிநபர் மறுவிற்பனை செய்யும் பழைய வீட்டுக்கு அது உதவாது. அங்கே ஆவணங்கள்தான் பேசும்.

தரகர் தரும் வில்லங்கச் சான்று (சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்) நகலை அப்படியே நம்ப வேண்டாம். பதிவுத்துறை இணையதளத்தில் 30 ஆண்டுகளுக்கு நீங்களே இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் வில்லங்கம் சுத்தமாக இருந்தாலும் சிக்கல் இருக்கலாம்: பதிவு செய்யாத உயில், பதிவாகாத கிரைய ஒப்பந்தம், அசல் பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய கைமாற்றுக் கடன் எதுவும் அதில் வராது. அதனால்தான் தாய்ப்பத்திரத்தின் (சொத்தின் முந்தைய உரிமையைக் காட்டும் பத்திரம்) அசலைக் கையில் வாங்கிப் பார்க்கச் சொல்கிறேன். "லாக்கரில் இருக்கிறது, பதிவன்று தருவார்கள்" என்றால் முன்பணத்தை நிறுத்துங்கள்.

தரகரே உரிமையாளரிடம் பவர் (அவர் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரம்) வாங்கி விற்கிறாரா என்றும் கேளுங்கள். அப்படியென்றால் அவர் தரகரல்ல, விற்பவர் தரப்பு. உரிமையாளர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகவில்லையா என்பதை உரிமையாளரையே நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

முன்பணம் தரகர் கணக்குக்குப் போகக்கூடாது. உரிமையாளர் கணக்குக்கு மட்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. தரகு எத்தனை சதவீதம், இரு தரப்பிடமும் வாங்குகிறாரா என்பதை முதல் நாளே எழுதி வாங்குங்கள். பெரும்பகுதியைப் பத்திரப்பதிவு முடிந்த பிறகே கொடுங்கள்.