பச்சிமோத்தானாசனத்தில் கால்விரல் எட்டவில்லை, கீழ்முதுகு பிடிக்கிறது

கேள்வி | புதுப்பாய்
வணக்கம். தாடாசனம் (நேராக நிற்பது), விருக்ஷாசனம் (ஒற்றைக்காலில் நிற்பது), புஜங்காசனம் (குப்புறப் படுத்து மார்பைத் தூக்குவது), பச்சிமோத்தானாசனம் (கால் நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிவது), கடைசியில் சவாசனம் (மல்லாந்து படுத்து ஓய்வது). இந்த ஐந்தும் தினம் காலை 20 நிமிடம், ஒரு மாதமாக. வயது 42, நாள் முழுக்க நாற்காலி வேலை. முன்னால் குனிந்தால் கை கணுக்காலோடு நின்றுவிடுகிறது. எக்கிப் பிடித்தால் மாலை வரை கீழ்முதுகில் பிடிப்பு. புஜங்காசனத்திலும் அதே இடத்தில் கிள்ளுகிறது. தொடரலாமா? முதுகுவலிக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இதனால் பலன் உண்டா?

பதில் 1 | நிதானம்
ஆசனத்தை விட வேண்டாம், விரலைத் தொட்டே தீர வேண்டும் என்பதை விடுங்கள்.

தொடையின் பின்தசை உட்காரும் எலும்பில் தொடங்கி முழங்காலைத் தாண்டிப் போய் முடிகிறது. அது இறுகியிருந்தால், காலை நீட்டி உட்கார்ந்ததுமே இடுப்பெலும்பைப் பின்னால் சாய்த்துவிடும். பிறகு நீங்கள் குனிவதெல்லாம் இடுப்பு மூட்டில் அல்ல, கீழ்முதுகில். எக்கிப் பிடிக்கும்போது முழுப் பாரமும் அங்கேதான் விழுகிறது.

சோதித்துப் பாருங்கள். கால் நீட்டி உட்கார்ந்து, வாலெலும்புக்குச் சற்று மேலே உள்ளங்கையை வையுங்கள். அந்த இடம் நிமிர்ந்து நிற்கிறதா, பின்னால் சரிகிறதா? சரிந்தால், போர்வையை 3 அங்குல உயரத்துக்கு மடித்து அதன் முன்விளிம்பில் உட்காருங்கள். நடுவில் உட்கார்ந்தால் பலனில்லை. விளிம்பில் இருந்தால்தான் இடுப்பு முன்னால் உருளும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, அடியில் சுருட்டிய துண்டு ஒன்றை வையுங்கள். இன்னொரு துண்டைப் பாதத்தைச் சுற்றிப் போட்டு இரு முனையையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூச்சை இழுக்கும்போது மார்பு உயரட்டும். விடும்போது தொப்புளைத் தொடை நோக்கி நகர்த்துங்கள். தலை முதலில் போனால் முதுகு கூனும், தொப்புள் முதலில் போனால் இடுப்பு மடியும். இந்த ஆசனத்தின் சூட்சுமமே இதுதான். 30 விநாடி இருந்து எழுங்கள், இரண்டு மூன்று முறை போதும். இழுப்பு தொடையின் நடுவில் தெரிய வேண்டும். முழங்காலுக்குப் பின்னாலோ, உட்காரும் எலும்பின் முனையிலோ சுரீர் என்றால் உடனே தளர்த்துங்கள்.

பதில் 2 | பாம்புநிலை
புஜங்காசனத்துக்கு வருகிறேன். கிள்ளுவதற்குப் பெரும்பாலும் காரணம் கைதான். முழங்கையை நேராக்கித் தரையைத் தள்ளினால் உடல் எவ்வளவு வேண்டுமானாலும் மேலே போகும். ஆனால் மேல்முதுகு வளையாமல், வளைவு முழுக்க இடுப்புக்கு மேலே ஒரே இடத்தில் மடங்கும்.

உள்ளங்கைகள் மார்புக்குப் பக்கத்தில், முழங்கை விலாவை ஒட்டி. பாதத்தின் மேற்பக்கம் தரையை அழுத்த வேண்டும். கையில் பாரம் போடாமல் முதுகுத் தசையால் மட்டும் மார்பைத் தூக்குங்கள். நம்பிக்கை இல்லையென்றால் உச்சத்தில் இருக்கும்போது உள்ளங்கையைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் எடுங்கள். மார்பு தொப்பென்று இறங்கினால் அதுவரை தூக்கியது கைதான். எடுத்தபின் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுவே இன்றைக்கு உங்கள் உயரம். தொப்புள் தரையை விட்டுக் கிளம்பக் கூடாது. தோள் காதை நோக்கி ஏறினால் கீழே இறக்குங்கள். 15 விநாடி, மூன்று முறை. அப்படியும் கிள்ளினால் முன்கையைத் தரையில் ஊன்றிச் செய்யுங்கள்.

கர்ப்பிணிகள், குடலிறக்கம் உள்ளவர்கள், அண்மையில் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

பதில் 3 | மூச்சுக்கணக்கு
பலன் பற்றிக் கேட்டீர்கள். நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு மருந்தில்லாமல் முயன்று பார்க்கத்தக்க வழிகளில் ஒன்றாக யோகாவை அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2017 வழிகாட்டுதலில் சேர்த்தது. ரத்த அழுத்தம் ஓரளவு குறையலாம், ஆனால் மாத்திரைக்கு மாற்று அல்ல. விருக்ஷாசனம் ஒற்றைக்கால் சமநிலையைப் பழக்கும். மடக்கிய பாதத்தை மட்டும் முழங்கால் மூட்டின் பக்கவாட்டில் வைக்காதீர்கள். மேலே தொடையில் வையுங்கள், இல்லையென்றால் கீழே கெண்டைக்காலில். இன்ன ஆசனம் இன்ன சுரப்பியைத் தூண்டும், நச்சை வெளியேற்றும் என்பதெல்லாம் நிரூபணமில்லாத பேச்சு. அதை நம்பி மருந்தை நிறுத்துவது ஆபத்து.

உங்கள் வரிசையில் ஒரு குறை. காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரம் முதுகெலும்புத் தட்டுகள் (எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருப்பவை) நீரேறி விறைப்பாக இருக்கும். அப்போது ஆழமாகக் குனிவது நல்லதல்ல. பச்சிமோத்தானாசனத்தை மாலைக்கு மாற்றுங்கள். மாலை என்றால் கனமான சாப்பாட்டுக்குப் பிறகு 3 மணி நேரமாவது விடுங்கள். எலும்பு அடர்த்தி குறைந்தவர்களும் தட்டு பிதுங்கியவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்த ஆசனத்தைத் தொடக் கூடாது. வலி பிட்டத்திலிருந்து காலுக்கு இறங்கினாலோ, பாதம் மரத்தாலோ உடற்பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

புதுப்பாய்
மூவருக்கும் மிக்க நன்றி. உள்ளங்கையை எடுத்துப் பார்த்தேன், மார்பு பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. ஒன்று மட்டும்: சாப்பிட்டதும் வஜ்ராசனத்தில் (மண்டியிட்டுக் குதிகால் மேல்) உட்காரலாமா?

நிதானம்
உட்காரலாம், 5 நிமிடம். கணுக்கால் வலித்தால் அதன் அடியில் சுருட்டிய துண்டு, முழங்கால் வலித்தால் பிட்டத்துக்கும் குதிகாலுக்கும் நடுவே தலையணை. கால் மரத்துப்போகும்வரை உட்காராதீர்கள். மரத்துவிட்டால் சட்டென்று எழுந்து நடக்காமல், காலை நீட்டி உணர்வு திரும்பிய பிறகு எழுங்கள்.