வசந்த வலசை: ஒரு நாள் கூட்டம், மறுநாள் வெறிச்!

கரையோரக் காட்டில் நேற்று கிளைக்குக் கிளை பறவை. இன்று அதே இடத்தில் ஒன்றுமே இல்லை. என்ன கணக்கு இது?

பதில் 1:
எல்லாம் காற்றுதான். மெக்சிகோ வளைகுடாவைச் சின்னஞ்சிறு பறவைகள் இருட்டியதும் கிளம்பி ஒரே மூச்சில் கடக்கும், சுமார் 1,000 கி.மீ. பின்காற்று இருந்தால் கரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்நாட்டுக்குப் போய்விடும். எதிர்காற்றோ மழையோ பிடித்துக்கொண்டால் கண்ணில் படும் முதல் மரத்தில் தொப்பென்று இறங்கும். டெக்சாஸில் ஹை ஐலண்டு என்ற ஊர் பறவை பார்ப்பவர்களிடம் பெயர் வாங்கியது இப்படித்தான்: சதுப்புக்கு நடுவே மேட்டில் கொஞ்சம் மரங்கள், அவ்வளவே. நமக்குக் கொண்டாட்டம், அதுகளுக்குத் திண்டாட்டம். ஆய்வுக்காகப் பறவைகளுக்குக் கால் வளையம் மாட்டுபவர்கள் கையில் எடுத்துப் பார்த்தால், கொழுப்பெல்லாம் கரைந்து நெஞ்செலும்பு துருத்திக்கொண்டிருக்கும்.

கேட்டவர்:
அப்போ விடியற்காலையில் போகணுமா?

பதில் 2:
வட கடலில் இருக்கும் ஜெர்மனியின் ஹெலிகோலாந்து மாதிரித் தீவு என்றால் ஆமாம், விடியலிலேயே. மரம் குறைவு என்பதால் சுவரோரம், கரைப் பாறை எல்லாம் பாருங்கள். வளைகுடாக் கரையில் மதியத்துக்கு மேல்தான் வந்து சேரும். காலையில் போய் ஏமாறாதீர்கள்.

பதில் 3:
அப்புறம், தயவுசெய்து பறவைக் குரல் பதிவைப் போட்டு அதுகளை இழுக்காதீர்கள். அது பசியில் புழு தேடும் நேரம். சும்மா உட்கார்ந்தாலே காலடிக்கு வரும்.