இங்கே தென்னாப்பிரிக்காவில் பையன் ஹேக்கிங்கில் மாட்டி, வீட்டுக்குப் போலீஸ் வந்த அனுபவம் உண்டா?

பீனிக்ஸ் அக்கா:

என் தங்கை மகனுக்கு 16 வயது. பள்ளியில் மதிப்பெண் ஏற்றும் கணினிக்குள் டீச்சரின் பாஸ்வேர்டைப் போட்டு நுழைந்திருக்கிறான். அது எப்படிடா கிடைத்தது என்றால், கீபோர்டுக்கு அடியில் சீட்டில் எழுதி ஒட்டியிருந்ததாம். நுழைந்தவன் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். கூட்டாளியின் கணக்கு மார்க்கை 38-லிருந்து 58 ஆக்கிவிட்டான். அந்தக் கூட்டாளி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் வகுப்பு முழுக்கச் சொல்ல, பிரின்சிபல் நேராகப் போலீசுக்குப் போய்விட்டார். முதலில் எங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன?

சனிக்கிழமை காலை, வீட்டில் பிரேயர் நடந்துகொண்டிருக்கும்போது வந்தார்கள். மானிட்டரையும் கீபோர்டையும் பையில் போட்டு எடுத்துப் போனார்கள். அவன் எல்லா வேலையும் செய்த போன் மேசைமேல் அப்படியே கிடந்தது! கூப்பிட்டுக் கொடுப்பதா வேண்டாமா என்று தங்கை என் முகத்தைப் பார்க்கிறாள். மாஜிஸ்திரேட் முன்னால் வரச்சொல்லித் தேதி கொடுத்திருக்கிறார்கள். இந்த வழியில் போய்வந்தவர்கள் எழுதுங்கள்.

சாட்ஸ்வர்த் மாமா:

பயப்படாதம்மா. எனக்கும் போலீஸ் வந்தது, 90-களின் தொடக்கத்தில். பழைய சாமான் கடையில் ஒரு மோடம் வாங்கியிருந்தேன், கணினியைத் தொலைபேசி லைனில் இணைக்கும் டப்பா. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு அது வரிசையாக ஒவ்வொரு எண்ணையும் டயல் செய்யும். மனுஷக் குரல் வந்தால் வைத்துவிடும், மோடத்தின் கீச்சுச் சத்தம் வந்தால், அந்தப் பக்கம் கணினி இருக்கிறது என்று எண்ணைக் குறித்துக்கொள்ளும். நடுச்சாமத்தில் வீடுவீடாகப் போன் அடித்து, எடுத்தால் பேச ஆளில்லை என்றால் தெரு என்னாகும்? எதிர்வீட்டு ஆயா எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டார்.

புகார் போய், ஒரு போலீஸ்காரரும் தொலைபேசிக்காரர் ஒருவரும் வந்து நின்றார்கள். போனைக் கட் பண்ண வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, எங்கள் ஆயா ரசீதுக் கட்டைக் கொண்டுவந்து வைத்து, டீயும் கொடுத்து உட்காரவைத்தார். அவர்கள் என் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எந்தக் குற்றம் என்று எழுதுவது? அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைவதைத் தனிக் குற்றமாக்கிய சட்டமே இங்கே 2002-ல்தான் வந்தது. திட்டிவிட்டுப் போனார்கள். அப்பா போட்ட அடி வேறு கணக்கு. எனக்கு இன்றைக்கும் வருத்தம் கிடையாது. அந்த டப்பாதான் பிற்பாடு எனக்குச் சோறு போட்டது.

மிட்ராண்ட்வாசி:

மாமா, நீங்கள் திட்டோடு தப்பித்தீர்கள், சரி. திட்டு எல்லோருக்கும் உறைக்காது. அமெரிக்காவின் பேர்போன ஹேக்கர் கெவின் மிட்னிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் 12 வயதில், பஸ் டிக்கெட்டில் துளைபோடும் கருவி எங்கே விற்கும் என்று டிரைவரிடமே நைசாகக் கேட்டு, குப்பையில் கிடந்த வெற்றுச் சீட்டுகளைக் குத்தி ஊர் சுற்றியவர். 1979-ல், 16 வயதில், டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணினி நிறுவனத்தின் கணினிக்குள் நுழைந்து மென்பொருளைப் பிரதி எடுத்தார். 17 வயதில் தொலைபேசி அலுவலகத்துக்குள்ளேயே போய்க் கையேடுகளைத் தூக்கிவந்தார். சிறுவன் என்று கண்காணிப்பில் விட்டார்கள். நின்றாரா? 1988-ல் 12 மாதச் சிறை. வெளியே வந்து, கண்காணிப்புக் காலம் முடியும் முன்பே மறுபடி ஆரம்பித்து, தலைமறைவாகி, 1995 பிப்ரவரியில் ராலே நகரில் பிடிபட்டார்.

கோர்ட் பக்கத்து ஆள்:

டர்பனில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். மிட்னிக் கதையில் இன்னொரு பாதியும் உண்டு. பொதுத் தொலைபேசியில் விசில் அடித்தே அணு ஆயுதப் போரைத் தொடங்கிவிடுவார் என்று சொல்லி நீதிபதியை நம்பவைத்து, அவரை மாதக்கணக்கில் தனிச்சிறையில் வைத்தார்கள். ஒன்றும் புரியாதவர்கள் பயப்பட்டால் இப்படித்தான்.

அக்காவுக்கு விஷயத்துக்கு வருகிறேன். மாமா சொன்ன 2002 சட்டத்தில் வெறும் நுழைவுக்கு 12 மாதம்தான் உச்சமாக இருந்தது. 2021 டிசம்பர் 1 முதல் சைபர் குற்றச் சட்டம் அமலில் இருக்கிறது. அதில் நுழைவுக்கு 5 வருடம் வரை, தகவலை மாற்றினால் 10 வருடம் வரை. அந்த 38-ஐ 58 ஆக்கியதுதான் வினை. அந்தச் சட்டத்தை எழுதிய அதே அரசு நீதி இலாகாவின் கணினிகளை 2021 செப்டம்பரில் யாரோ முடக்கிப் பணம் கேட்டார்கள் என்பது தனி வேடிக்கை.

எண்களைப் பார்த்து அழவேண்டாம். 18 வயதுக்குக் கீழே என்றால் 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த சிறார் நீதிச் சட்டத்தின் பாதை. முதலில் ப்ரொபேஷன் ஆபீசர் (நன்னடத்தை அலுவலர்) பையனிடமும் வீட்டாரிடமும் பேசி அறிக்கை எழுதுவார். அப்புறம் மாஜிஸ்திரேட் முன் ஒரு முன்விசாரணை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும், கூண்டு கிடையாது. பையன் தானாகவே ‘நான் செய்தேன்’ என்று ஒப்புக்கொண்டு, அரசு வக்கீலும் சம்மதித்தால், வழக்கு நடத்தாமல் நிபந்தனையோடு அனுப்புவார்கள். அது முன்தண்டனையாகப் பதிவாகாது. நிபந்தனையை மீறினால் வழக்கு திரும்ப வரும்.

போனில் எதையும் அழிக்காதீர்கள். அழித்தால் அது தனி வம்பு. வக்கீல் மூலமாக ஒப்படையுங்கள். பையன் வாட்ஸ்அப்பில் கூட்டாளிகளுக்கு ஜம்பமாக ஏதாவது அனுப்பிக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். எங்களிடம் வரும் பிள்ளைகளுக்கு எதிரான சாட்சி பெரும்பாலும் அவர்களே டைப் செய்ததுதான்.

மிட்ராண்ட்வாசி:

நான் ஜெயிலில் போடச் சொல்லவில்லை. ஆனால் ‘புத்திசாலிப் பையன்’ என்று வீட்டிலேயே தட்டிக்கொடுத்துவிடாதீர்கள். நம் ஆட்களிடம் அந்தப் பழக்கம் உண்டு.

சாட்ஸ்வர்த் மாமா:

எங்கள் வீட்டில் யாரும் தட்டிக்கொடுக்கவில்லை தம்பி, தட்டினார்கள்.

பீனிக்ஸ் அக்கா:

முன்விசாரணை முடிந்தது, சொல்ல வந்தேன். கோர்ட் பக்கத்து அண்ணன் சொன்னபடியே நடந்தது. மாஜிஸ்திரேட் அம்மா என் தங்கையைவிட மென்மையாகப் பேசினார். பள்ளிக்கூடம் முடிந்த நேரத்தில் முதியோர் இல்லத்தில் வேலை, ப்ரொபேஷன் ஆபீசரிடம் அவ்வப்போது ஆஜர், டீச்சருக்கு மன்னிப்புக் கடிதம். கடிதத்தைக் கையால் எழுதவேண்டுமாம், டைப் செய்யக்கூடாதாம். பையன் முதியோர் இல்லத்துக்குச் சிரித்துக்கொண்டே போகிறான், இந்தக் கடிதத்துக்குத்தான் இன்னும் பேனாவைத் தொடவில்லை.