ஜனவரியில் ரொறன்ரோவிலிருந்து தண்டர் பே வரை காரில் போகலாமா?

கேள்வி (ஸ்காபரோ வாசி):
வணக்கம். என் தங்கைக்குத் தண்டர் பேயிலுள்ள லேக்ஹெட் பல்கலைக்கழகத்தில் ஜனவரியில் வகுப்புகள் தொடங்குகின்றன. அவளையும் அவளுடைய பொருள்களையும் எங்கள் காரிலேயே கொண்டுபோய்விட வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம். ஏறத்தாழ 1,400 கிலோமீற்றர் தூரத்தை நடுக் குளிர்காலத்தில் ஓடுவது தேவையற்ற ஆபத்து என்கிறார் அம்மா. 401 நெடுஞ்சாலையில் பனிக்காலத்தில் ஓடிப் பழகியிருந்தாலும் நாங்கள் சட்பரிக்கு அப்பால் போனதில்லை. காரில் பூட்டியிருப்பவை எல்லாப் பருவத்துக்குமான ரயர்கள். போவதா விடுவதா என்பதை எதைக் கொண்டு முடிவெடுக்கலாம் என்று அந்தப் பாதையை அறிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி (தண்டர் பே வாசி):
தம்பி, முதலில் ரயரைப் பற்றிச் சொல்கிறேன். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கினால் எல்லாப் பருவ ரயரின் இறப்பர் இறுகிப் பிடிப்புக் குறையத் தொடங்கும். கியூபெக்கில் குளிர்கால ரயர் கட்டாயம், ஒன்ராறியோவில் அப்படியொரு சட்டமில்லை என்பதற்காக அதைத் தள்ளிப்போடாதீர்கள். மலையும் பனித்துகளும் பொறித்த குறியுள்ள ரயர்களை நான்கு சில்லுகளுக்கும் பூட்டாமல் இந்தப் பயணத்தை நினைக்கவே வேண்டாம்.

அடுத்து, ரொறன்ரோவின் வானிலையைப் பார்த்துப் புறப்படாதீர்கள். உங்கள் பயணத்தைத் தீர்மானிப்பது சூ செயின்ற் மரிக்கும் வாவாவுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 230 கிலோமீற்றர்தான். ஜனவரித் தொடக்கத்தில் சுப்பீரியர் ஏரியின் பெரும்பகுதி உறையாமலே கிடக்கும். வடமேற்கிலிருந்து வரும் குளிர்காற்று அந்த நீரின் ஈரத்தை அள்ளிவந்து கிழக்குக் கரைக் குன்றுகளில் பனியாகக் கொட்டுவதால், சூ செயின்ற் மரியில் வெயில் எறிக்கும் வேளையில்கூட மொன்றியல் றிவர் ஏற்றத்தில் முன்னால் போகும் ட்ரக் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். எனவே முன்னறிவிப்பில் காற்றின் திசையையும் கட்டாயம் பாருங்கள்.

சில இடங்களில் வீதி மூடப்பட்டால் சுற்றிப் போக வழியில்லை. 2016 ஜனவரியில், தண்டர் பேக்கு வருமுன் கடக்க வேண்டிய நிப்பிகன் பாலத்தின் தளம் மேலெழும்பி அது மூடப்பட்டபோது, கனடாவுக்குள்ளேயே கிழக்கையும் மேற்கையும் இணைக்க வேறு சாலை இருக்கவில்லை. வகுப்புத் தொடங்குவதற்கு முன் இரண்டு நாள்களாவது மேலதிகமாக ஒதுக்க முடியுமானால் காரில் வாருங்கள். முடியாவிட்டால் தங்கையை விமானத்தில் அனுப்பிவிட்டுப் பொருள்களைப் பின்னர் அனுப்புங்கள். குறித்த நாளில் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற அவசரம்தான் பலரை மோசமான வானிலையில் வீதிக்கு இறக்குகிறது.

மறுமொழி (சட்பரி வாசி):
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். சுப்பீரியர் ஏரி மாகாணப் பூங்கா ஊடாகச் செல்லும்போது கைபேசிச் சேவை பல இடங்களில் கிடைக்காது. ஆகவே போர்வை, உணவு, மண்வாரி ஆகியவற்றைப் பின்பெட்டியின் அடியில் புதைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பனியில் சிக்கி நின்றால் காரைவிட்டு நடந்து போகக் கூடாது. சூட்டுக்காக இயந்திரத்தை இடையிடையே இயக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் புகைக்குழாயை மூடிய பனியை அகற்றிய பிறகே இயக்க வேண்டும். இல்லையெனில் காபன் மொனொக்சைட்டு உள்ளே புகுந்து உயிரைப் பறித்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஏரிக்கரையைத் தவிர்த்து, கொக்ரேன், ஹேர்ஸ்ற் வழியாக 11ஆம் நெடுஞ்சாலையில் போவது பாதுகாப்பானதா?

மறுமொழி (தண்டர் பே வாசி):
அந்தப் பாதையில் ஏற்ற இறக்கமும் ஏரிப்பனியும் குறைவு, ஆனால் குளிர் இன்னும் கடுமை. ட்ரக் போக்குவரத்தும் அதிகம். அதிலும் பெரும்பகுதி ஒரு திசைக்கு ஒரு தடம்தான். எந்தப் பாதையானாலும் பகலில் மட்டும் ஓடுங்கள், பெற்றோல் பாதியாகும் முன் நிரப்புங்கள். தங்கிய ஊரில் ஒவ்வொரு காலையும் வீதி நிலவரம் சொல்லும் ஒன்ராறியோ 511 சேவையைப் பார்த்து, அடுத்த ஊர்வரை வீதி திறந்திருந்தால் மட்டுமே விடுதி அறையைக் கைவிடுங்கள்; வீதி அடைக்கப்பட்ட பிறகு அந்தச் சிற்றூர்களில் அறை கிடைப்பது மிகக் கடினம்.