மூக்கு கறுத்தால் சிங்கத்தைச் சுடலாமா?

கானவன்: "மூக்கில் பாதி கறுத்துவிட்டால் ஆண் சிங்கத்துக்கு ஆறு வயது. சுட்டால் கூட்டத்துக்குச் சேதமே இல்லை" என்று நேற்று இங்கே ஒருவர் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஆப்பிரிக்காவில் பணம் கட்டி அனுமதியோடு நடக்கும் சிங்க வேட்டையைப் பற்றிய பேச்சு அது; வயது ஏற ஏற சிங்கத்தின் இளஞ்சிவப்பு மூக்கு கறுக்கும், அதை வைத்து வயதைக் கணிக்கலாம் என்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அந்தப் பாதிக் கணக்கு தான்சானியாவின் செரெங்கெட்டிச் சிங்கங்களை வைத்துப் போட்டது, அதுவும் ஐந்து வயதுக்கு. இடம் மாறினால் கறுக்கும் வேகமும் மாறும்.

மாறவர்மன்: எழுதியவன் நான்தான், பெயர் சொல்ல என்ன கூச்சம்? 2004இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்த ஆய்வைப் படியுங்கள். இளசுகளை விட்டுவிட்டு முதிர்ந்த ஆண்களை மட்டும் சுட்டால் கூட்டம் தாங்கும். மொசாம்பிக்கின் நியாசா காப்பகத்தில் வயது குறைந்ததைச் சுட்டால், அடுத்த ஆண்டு எத்தனை சிங்கம் சுடலாம் என்ற ஒதுக்கீட்டில் கை வைப்பார்கள்.

கானவன்: மூக்கைக் கேட்டால் ஒதுக்கீட்டைச் சொல்கிறீர்கள். மரத்தில் காட்டெருமைத் தொடையைக் கட்டிவிட்டு மறைவில் காத்திருந்தால் சிங்கம் வருவது அந்தி மங்கலில். இரையில் வாய் வைத்ததும் முகமெல்லாம் ரத்தம். எது நிறமி, எது காய்ந்த ரத்தம்? நாற்பது சதமா, அறுபதா, யார் அளப்பது? சுட்ட பிறகு முன்கடைவாய்ப்பல்லை எக்ஸ்ரே எடுத்து, பல்லுக்குள் இருக்கும், வயதாக ஆகச் சுருங்கும் கூழ்க்குழி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பார்த்தால் வயது ஓரளவு பிடிபடும். அதற்குள் செத்த ஆணின் இடத்தைப் பிடிக்கப் புது ஆண்கள் கூட்டத்தில் நுழைந்து குட்டிகளைக் கொன்றிருக்கும்.

தணிகை: மூக்கை விடுங்கப்பா. 2015இல் ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே தேசியப் பூங்கா பக்கம் வேட்டையில் கொல்லப்பட்ட செசில் என்ற சிங்கத்துக்கு 13 வயது, கழுத்தில் ஆய்வுப் பட்டை வேறு. விதி என்ன கிழித்தது?

மாறவர்மன்: 13 என்றால் வயது விதிப்படி சரிதானே! கென்யாவில் 1977இலிருந்து வேட்டைக்கே தடை. அங்கே மாடு பறிகொடுத்தவர்கள் செத்த மாட்டில் கார்போஃபியூரான் என்ற பூச்சிக்கொல்லியைத் தூவி வைக்கிறார்கள், தின்ற கூட்டமே சாகிறது. அதைப் பேச உங்களுக்கு வாய் வராது.

கானவன்: கென்யாவுக்கு ஓடாதீர்கள். மூக்கு?

தணிகை: வேட்டைப் பணத்தில் கிராமத்துக்கு எவ்வளவு போகிறது? யானைத் தந்தம் பற்றி இங்கே நடந்த விவாதத்திலும் இந்தக் கேள்விக்கு மழுப்பினீர்கள்.

மாறவர்மன்: பழைய பகையை இங்கே இழுக்காதீர்கள். இரைக்கு எதிரே தானியங்கிக் கேமரா வைத்து, பிடரி, முகத் தழும்பு, மஞ்சளித்த பல் எல்லாம் பார்த்துத்தான் சுடுகிறார்கள்.

கானவன்: பிறகு நேற்று ஏன் மூக்கை மட்டும் எழுதினீர்கள்? இரவுப் படம் அகச்சிவப்பில் கறுப்பு வெள்ளையாக வரும், அதில் இளஞ்சிவப்பை எப்படிப் பிரிப்பீர்கள்? வெக்கை மிகுந்த இடங்களில் முழுதாக வளர்ந்த ஆணுக்கே பிடரி மயிர் சொற்பம், அதுவும் சான்றா?

மாறவர்மன்: பாதி கறுத்தால் முதிர்ந்த ஆண். சொன்னது சொன்னதுதான்.

கானவன்: எந்த ஊர் சிங்கத்தின் மூக்கு? அதைச் சொல்லுங்கள் முதலில்.